தரைக்கடியில் காற்று

என் மகள் தொல்குனா தவழத் தொடங்கிய அதே வாரம் குளிர் நாற்பதைத் தொட்டது. மைனஸ் என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நவம்பர் மாதத்தில் வேறு எந்த நாற்பது இருக்கப்போகிறது?

பத்து மாதக் குழந்தை அவள். அதற்குள் இரண்டு முறை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டாள். இரண்டாவது முறை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாரியா, நல்லா கேட்டுக்கோ. மூணாவது வாட்டி வந்துச்சுன்னா இந்த உடம்பு தாங்காது. பிள்ளைய தரையில விடாத."

தரையில் விடாதே என்று சொல்வது சுலபம். தவழப் பழகிய பிள்ளையை உத்தரத்திலா கட்டித் தொங்கவிடுவது? கீழே விட்டால் குளிர், தூக்கி வைத்தால் அலறல். கட்டிலில் போட்டால் விளிம்புக்கு வந்து தலைகீழாக இறங்கப் பார்ப்பாள். பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்திருந்தாள்.

எங்களுடையது இரண்டு தளம் உள்ள மரவீடு. கீழே நானும் செமென் வாத்தியாரும். மேலே என் தலைக்கு நேர் மேல் பலாகியா அக்கா; அவளுக்குப் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. என்றும் உறைந்தே இருக்கும் மண்ணில் அடித்து இறக்கிய தூண்கள்மேல்தான் வீடு நின்றது. தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவு இடைவெளி, நாலு பக்கமும் திறப்பு. ஆற்றுப் பக்கம் நுழைகிற காற்று தெருப் பக்கம் வெளியேறும். போகிற போக்கில் பலகை இடுக்கு வழியாக என் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

மேசையில் உட்கார்ந்தால் தலைக்கு வியர்க்கும், கால் மரத்துவிடும். சுவரில் தொங்கிய வெப்பமானி இருபத்திரண்டு காட்டியது. அதையே கழற்றித் தரையில் வைத்தேன், ஐந்து. இடுக்குகளில் கந்தலைத் திணித்தேன். மாவுப் பசை காய்ச்சி காகிதப் பட்டை ஒட்டினேன். இரண்டு கம்பளம் விரித்தேன். வெளியே காற்று வலுத்தால் கம்பளத்தின் நடுப்பகுதி புஸ்ஸென்று மேலே எழும்பி அடங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவன் அய்சென் வைரச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலைக்குப் போயிருந்தான். பிப்ரவரி வரை வரமாட்டான்.

"தடிமனா எதையாவது விரியேன் நாரியா," என்றான் போனில்.

"விரிச்சாச்சு. உன் கல்யாணக் கோட்டு உட்பட."

"என் கோட்டா?"

"நீ வேணும்னா வந்து படுத்துக்கோ. உன்னையும் விரிச்சிடறேன்."

நான் மாடு வளர்க்கும் கிராமத்தில் பிறந்தவள். அங்கே வீடு மண்மேல் உட்கார்ந்திருக்கும். முதல் பனி விழுந்ததும் ஈரச் சாணத்தைப் பனியோடு குழைத்து வீட்டின் அடியைச் சுற்றி இடுப்புயரம் அப்பிவிடுவோம். பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும், ஒரு மூச்சுக் காற்று உள்ளே நுழையாது. குளிரை அடைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அண்ணனைக் கூப்பிட்டேன். ஒரு லாரி நிறையச் சாணத்தோடு வந்தான். திறப்புகளில் பழைய பலகைகளைச் சாய்த்து, அதன்மேல் இரண்டு நாள் அப்பினோம். செமென் வாத்தியார், "என் பக்கமும் கொஞ்சம் பூசும்மா, புண்ணியமா போகும்," என்று வாளி தூக்கினார். கடைசியில் நாலு பக்கமும் அடைத்துவிட்டோம்.

பலாகியா அக்கா வேலை முடிந்து வந்து தன் லாரியிலிருந்து குதித்தாள். ஆற்றிலிருந்து குடிதண்ணீருக்குப் பனிக்கட்டி வெட்டி வீடு வீடாக இறக்கும் வண்டி அவளுடையது. நாற்பத்தைந்து வயது, கதவை அடைக்கிற உடம்பு, ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற குரல். எனக்கும் அவளுக்கும் கோடையிலிருந்தே ஆகாது. துணி காயப்போட்ட கயிற்றில் ஆரம்பித்த சண்டை அது.

"என்னடி நாரியா, மாட்டுத் தொழுவமா கட்டுற?"

"பார்த்தா தெரியலையாக்கா? காத்த அடைக்கிறேன்."

"அடியில அடைக்கக் கூடாதும்பாங்க."

"யாரு சொல்லுவா?"

"கட்டினவங்க சொல்லுவாங்க. மண்ணு உருகிப்போயிடுமாம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "அம்பது குளிர்ல மண்ணு உருகுதாம்! உங்களுக்கென்ன, மாடியில இருக்கீங்க. என் வீட்டுச் சூடு உங்க காலுக்கு வருது. என் காலுக்கு யாரு தர்றா?"

"திமிரு பிடிச்சவளே," என்று படியேறிப் போய்விட்டாள்.

மூன்றே நாளில் தரை பன்னிரண்டானது. டிசம்பர் பிறந்தபோது பதினெட்டு. சமையலறையின் ஆற்றுப் பக்க மூலை மட்டும் தனியாக இளஞ்சூடாக இருந்தது, அடுப்பு மேடைபோல. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மூலையிலேயே குழந்தையின் போர்வையை விரித்தேன். ஒற்றைச் சட்டையோடு அவள் அங்கே உட்கார்ந்து மரக்கரண்டியால் தரையைத் தட்டுவதைப் படம் எடுத்து அய்செனுக்கு அனுப்பினேன். திரும்பக் கூப்பிட்டவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். செமென் வாத்தியார் வந்து அந்த மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "உனக்கு மெடல் குடுக்கணும்," என்றார். உண்மையிலேயே கொடுக்கவேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு மூலை மட்டும் ஏன் சுடுகிறது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? இல்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

ஜன்னல் கண்ணாடியில் உட்புறம் இரண்டு விரல் தடிமனுக்குப் பனி கட்டியது. வீட்டில் ஈரக் கட்டை வாடை வந்தது. வாசல் கதவைத் தோளால் இடித்தால்தான் திறந்தது. தட்டில் ஊற்றிய மீன் சூப் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. மேசைக்கால் கோணல் என்று அடியில் அட்டை மடித்து வைத்தேன்.

ஒரு காலை பலாகியா அக்கா வந்து கதவைத் தட்டினாள்.

"என் வீட்டுக் கதவு மூட மாட்டேங்குது."

"வெண்ணெய் தடவிப் பாருங்க."

"விளையாடாத. சுவத்துல விரல் நுழையிற அளவுக்கு விரிசல் விட்டிருக்கு. உன் மதில்ல ஒரு ஓட்டை போட்டு உள்ள என்ன இருக்குன்னு பாருடி."

"ஓட்டை போட்டா காத்து வரும்."

"வரட்டுமே ஒரு நாள்!"

"உங்களுக்குப் பிள்ளை இருந்தா இப்படிப் பேச மாட்டீங்க," என்றேன்.

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. அது ஊருக்கே தெரியும். அவள் திரும்பிப் படியேறினாள். அந்தக் கனமான காலடி ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். அப்புறம், அவள் மட்டும் வாயைப் பிடுங்கலாமா என்று மனதை இறுக்கிக்கொண்டேன்.

அதற்கு நான்காம் நாள் ஐம்பத்தொன்று. கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. காலை பதினொரு மணிக்குத்தான் லேசாக வெளுத்தது. குடிதண்ணீர் தீர்ந்திருந்தது. தொல்குனா தன் சூட்டு மூலையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டின் பின்புறம் அடுக்கி வைத்த பனிக்கட்டியில் ஒன்றை எடுத்துவர நாலு நிமிடம்கூட ஆகாது. கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.

கட்டியைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். அந்தக் குளிரில் மரம் வெடிக்கும், உத்தரம் வெடிக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து கதவை இழுத்தேன். அசையவில்லை.

கட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். மேல் சட்டம் ஒரு பக்கம் இறங்கி, கதவின் தலையைக் கவ்விப் பிடித்திருந்தது. உள்ளே குழந்தை அழுதாள். பயந்த அழுகை. "குட்டி, அம்மா இங்க இருக்கேன்டி!" என்று கத்தினேன். பிடி நழுவுகிறது என்று கையுறையைக் கழற்றி வெறுங்கையால் இரும்புப் பிடியைப் பற்றினேன். இந்த ஊரில் பிறந்த எந்த மடையனும் செய்யாத காரியம். கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் பிடியோடு போனது. வலித்ததாக நினைவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில்தான் உள்ளே அழுகை நின்றுபோனது.

கதவை முழங்கையால் இடித்து அவள் பெயரைக் கத்தினேன்.

ஜன்னலுக்கு ஓடினேன். கண்ணாடி முழுக்கப் பனி, ஒன்றும் தெரியவில்லை. கோடரியை எடுத்து ஓங்கிவிட்டேன். அந்தக் கையை மேலேயே பிடித்து நிறுத்தியது இன்னொரு கை.

"பைத்தியமா உனக்கு?" பலாகியா அக்கா. கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள்.

"அழுகை நின்னுடுச்சுக்கா! விடுங்க, உடைக்கணும்!"

"உடைச்சா அம்பத்தொண்ணு உள்ள போகும். கதவு. கதவப் பாரு."

லாரியிலிருந்து ஆற்றுப் பனி உடைக்கும் நீளக் கடப்பாரையை எடுத்து வந்து சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் செருகினாள். அவள் தொங்கினாள், நானும் தொங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது தடவை சட்டம் பிளந்தது. கதவோடு சேர்ந்து நாங்களும் விழுந்தோம்.

உள்ளே வெள்ளையாக ஆவி. சமையலறை மூலை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. இரண்டு பலகை சுவரை விட்டு விலகி வாயைப் பிளந்திருக்க, அந்த இடுக்கிலிருந்து ஆவி குபுகுபுவென்று எழுந்தது. போர்வையில் பாதி உள்ளே போய்விட்டிருந்தது. பிள்ளையைக் காணவில்லை.

முழங்காலில் விழுந்து தடவிக்கொண்டே போனேன். சரிவின் கடைசியில், பிளவுக்கு ஒரு முழம் தள்ளி, கை ஒரு தொடையில் பட்டது. பிளவு வழியாகப் பொங்கித் தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அளைந்துகொண்டிருந்தாள். அழுகையை நிறுத்தியது அதற்காகத்தான். தண்ணீர் அவளுக்குப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மார்புவரை நனைந்த பிள்ளை, உடைந்து திறந்த கதவு, வெளியே ஐம்பத்தொன்று. பலாகியா அக்கா ஈரத் துணியை இழுத்துக் கிழித்து எறிந்தாள். தன் சட்டையைத் திறந்து வெறும் மார்போடு குழந்தையை அணைத்து, கோட்டால் மூடிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். மேலே போனதும், "நீ எதுக்கு வந்த? போய் கொதிகலன்காரனக் கூட்டிட்டு வா!" என்று விரட்டினாள்.

வீடுகளைச் சூடாக்க ஊருக்கெல்லாம் குழாயில் வெந்நீர் அனுப்பும் கொதிகலன் நிலையத்துக் குழாய்க்காரன் கபிரீஸ் அரை மணியில் வந்தான். குனிந்து வீட்டின் அடியில் நுழையப் போனவன் என் மதிலில் முட்டிக்கொண்டு நின்றான்.

"இந்தக் கோட்டைய யாரு கட்டினது?"

"நான்தான்."

"எதிரி படை வருதுன்னு சொன்னாங்களா?" கடப்பாரையால் ஒரு துண்டைப் பெயர்த்தான். உள்ளிருந்து கொதிக்கும் பானையைத் திறந்ததுபோல ஆவி அடித்தது. தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தபோது அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"சூடு தண்ணி போற குழாயில ஒரு மூட்டு கசியுது. ரொம்ப நாளா. திறந்து கிடந்திருந்தா சொட்டு விழ விழ உறைஞ்சு தொங்கும். தெருவுல போறவனே பார்த்துச் சொல்லியிருப்பான். நான் ஒரு மணி நேரத்துல கட்டிட்டுப் போயிருப்பேன். நீ மூடி போட்டு வேகவச்சிருக்க. கீழ மண்ணு இல்லம்மா, கஞ்சி. ஒரு தூணு இறங்கிடுச்சு. அடுத்தது ஆடுது."

"இப்ப என்ன பண்றது?"

"கசிவ நான் பார்த்துக்கறேன். நாலு பக்கமும் இப்பவே திறக்கணும். குளிர் உள்ள போனாத்தான் மண்ணு இறுகும். சாயங்காலத்துக்குள்ள திறக்கலைன்னா வீடு உன் தலையில உட்காரும்."

"அப்புறம் எப்ப அடைக்கலாம்?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அடைக்கவே கூடாது. காத்து மண்ணுக்குப் போகட்டும். உனக்குக் குளிருதுன்னா பலகைக்கு அடியில ஏதாவது அடி. மண்ணுகிட்ட வம்பு வச்சுக்காத."

கந்தலைச் சுற்றிய கையோடு கடப்பாரையை எடுத்தேன். செமென் வாத்தியாரும் கோடரியோடு வந்தார். மெடலைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நான் கட்டியது அத்தனை உறுதியாக இருந்தது. ஓங்கி அடித்தால் பொறி பறந்தது. ஒவ்வொரு துண்டும் விழும்போது காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பிள்ளையைக் கொல்லும் என்று நான் அஞ்சிய அதே காற்றை என் கையாலேயே உள்ளே விட்டேன். அழுதுகொண்டே இடித்தேன். கண்ணீர் இமையில் உறைந்து ஒட்டிக்கொண்டது, தேய்த்துவிட்டு மறுபடி இடித்தேன். மூன்று மணிக்கு வெளிச்சம் போனபோது நாலு பக்கமும் திறந்திருந்தது. ஆடிய இரண்டாவது தூண் மேலும் இறங்காமல் நின்றுவிட்டது.

கதவை ஒருவாறு பொருத்தி, பிளந்த மூலையில் பலகை அறைந்தோம். தரை இரண்டு டிகிரிக்கு வந்துவிட்டது. கூடத்தின் நடுவில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தேன். கிராமத்துக்குப் போகலாமா? இந்தக் குளிரில், நனைந்தெழுந்த பிள்ளையோடு, நூற்றிருபது கிலோமீட்டரா?

பலாகியா அக்கா மெத்தைச் சுருளும் கெட்டிலுமாக உள்ளே வந்தாள். மெத்தையை என் கட்டிலில் போட்டாள்.

"மேல போ."

"என்னக்கா?"

"பிள்ளை தூங்குது, மேல போய் கூட இரு. நான் இங்க இருந்துக்கறேன்."

"எத்தனை நாளுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? மண்ணு இறுகற வரைக்கும். இத்தனை நாளு மேல இருந்து திட்டினேன், இனிமே கீழ இருந்து திட்டறேன்."

"இங்க ரெண்டு டிகிரிக்கா."

"பனிக்கட்டி விக்கிறவகிட்ட வந்து குளிரப் பத்திப் பேசறா," என்று என்னை வெளியே தள்ளினாள்.

மூன்று நாள் நான் தூங்கவில்லை. குழந்தையின் நெஞ்சில் காதை வைத்து மூச்சை எண்ணினேன். மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்து பார்த்து, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். பலாகியா அக்காவின் தரையில் அவளை இறக்கிவிட்டேன். சோபாவைச் சுற்றித் தவழ்ந்தாள். காலுக்கு அடியில் தரை இதமாக இருந்தது. அந்த இதம் கீழே இருக்கிற என் வீட்டிலிருந்து வருகிறது. அங்கே இருந்தவள் குளிரில் படுத்திருந்தாள்.

ஆறாம் நாள் கீழேயிருந்து முதல் இருமல் கேட்டது.

முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் நாள் முழுக்க. நெஞ்சின் அடியிலிருந்து வருகிற, எனக்கு நன்றாகத் தெரிந்த இருமல். கீழே போய்க் கேட்டால், "வண்டிப் புகை," என்றாள். தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. "நீங்க மேல வாங்க, நாங்க இறங்கறோம்," என்றேன். "உன் பிள்ளைய நான் எதுக்குத் தூக்கிட்டு ஓடினேன்? மறுபடி இங்க கொண்டாந்து போடவா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மாவை அழைத்து வந்து ஊசி போடவைத்தேன். ஊசி மட்டும் என்ன செய்யும், படுக்கைக்கு அடியில் காற்று ஊதிக்கொண்டிருந்தால்?

கபிரீஸ் போகிறபோக்கில் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பலகைக்கு அடியில் ஏதாவது அடி. அண்ணனைக் கூப்பிட்டேன். இந்த முறை சாணத்தைக் கண்ணிலும் காட்டாதே, குதிரைத் தோல் கொண்டு வா என்றேன். கிராமத்தில் வீட்டுக்கு வீடு கேட்டுப் பன்னிரண்டு தோல் கொண்டுவந்தான். அவன் ஆள் பருமன், வீட்டுக்கு அடியில் நுழைய முடியவில்லை. பிள்ளையை மாடியில் வாத்தியாரிடம் விட்டுவிட்டு நான் நுழைந்தேன்.

நாற்பத்தேழு. உறைந்த மண்ணில் மல்லாக்கப் படுத்து, மயிர்ப் பக்கம் பலகையில் படும்படி தோலைத் தூக்கிப் பிடித்து, ஓரமெல்லாம் மரச்சட்டம் வைத்து அறைய வேண்டும். தோல் தகரம்போல விறைத்து நின்றது. பத்து நிமிடம் அடித்தால் விரல் போய்விடும். வெளியே வந்து, குளிருக்காக நிறுத்தாமல் ஓடவிட்டிருந்த அக்காவின் லாரி இன்ஜினில் கையைச் சூடு காட்டிவிட்டு மறுபடி நுழைவேன். கிழிந்த உள்ளங்கை ஒவ்வொரு அடிக்கும் திறந்துகொண்டது. இரண்டு நாளில் ஒன்பது தோல். பலகைக்கு மேலே என் வீட்டுக்குள் பலாகியா அக்கா, கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. எங்கே காற்று வருகிறதோ அங்கே குதிகாலால் தட்டினாள். அந்த நிலையிலும் வாய் ஓயவில்லை.

"இங்க! இல்லடி, இடது பக்கம். உனக்கு இடது எதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"மல்லாக்கப் படுத்திருக்கேன்! எல்லாம் மாறித்தான் தெரியும்!"

"மாறித்தான் உனக்கு எப்பவும் தெரியும்."

மூன்றாம் நாள் மதியம் பதினோராவது தோலையும் அடித்தேன். தரை பதினொன்று என்று கத்தினாள். என் தலைக்கு இருபுறமும் காற்று முன்போலவே ஓடிக்கொண்டிருந்தது, மண்ணுக்கு வேண்டியது மண்ணுக்குப் போயிற்று.

"இன்னும் வருதாக்கா?"

"வரல. போதும், வெளிய வா. செத்துக் கித்துத் தொலையாத."

கையுறையைக் கழற்றி, சுவரோரம் மிச்சமிருந்த இடுக்கில் உள்ளங்கையை வைத்தேன். காற்று என் விரல்களை உரசிக்கொண்டு மேலே அவள் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலே அவள் இருமலை விழுங்குவது கேட்டது.

"பொய் சொல்றீங்க. சுவரோரம் வருது."

"கொஞ்சம்தான்."

பன்னிரண்டாவது தோலை இழுத்துக்கொண்டு அங்கே ஊர்ந்தேன். என் முகத்துக்கு ஒரு சாண் மேலே பலகை. அதன்மேல் அவள் நின்றிருந்தாள், பலகை அவள் கனத்தில் முனகியது. நேருக்கு நேர் நின்றிருந்தால் என் வாயில் வந்திருக்காது.

"அக்கா. அன்னிக்கு பிள்ளையப் பத்தி நான் சொன்னது..." பலகையைப் பார்த்துச் சொன்னேன். "தப்பு. மன்னிச்சிடுங்க."

கேட்கவில்லைபோல என்று நினைத்துச் சுத்தியலை எடுத்தேன்.

"கேட்டுச்சு," என்றாள். குரல் பக்கத்தில், பலகைக்கு நேர் மேலேயிருந்து வந்தது. குனிந்திருக்க வேண்டும், இல்லை உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மூச்சிரைத்தது. "ஆணிய அடி."